டஃபி இரத்த வகையும் வெள்ளை அணுக்களும்: கேள்வி பதில்

நான் ஓ பாசிடிவ். வெள்ளை அணு 3,900. இரத்த வகைதான் காரணமா?
இல்லை. ஏ, பி, ஓ பார்த்து யாரும் நார்மல் அளவை மாற்றுவதில்லை. இங்கே பேச்சு டஃபி வகை பற்றி.

டஃபி என்றால் என்ன?
சிவப்பணுவின் மேலிருக்கும் ஒரு புரதம். 1950இல் ஒரு ஹீமோஃபிலியா நோயாளியிடம் கண்டுபிடித்து அவர் பெயரையே வைத்தார்கள். வைவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய முக்கிய வழி இதுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிவப்பணுவில் இது கிடையாது, அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்த ஒரே ஒரு மரபணு எழுத்து மாற்றத்தால். இப்படி டஃபி இல்லாத வகையினருக்கு இரத்தத்தில் நியூட்ரோஃபில் (கிருமிகளோடு சண்டை போடும் ஒரு வகை வெள்ளை அணு) குறைவாகவே இருக்கும். லேப் தாளில் கீழ்வரம்பு 1,500 என்றால் இவர்களில் பலர் 1,000க்கும் 1,500க்கும் நடுவில் ஆரோக்கியமாக இருப்பார்கள். எலும்பு மஜ்ஜை நார்மல், தொற்றும் கூடுதலாக வருவதில்லை.

ஏ நெகடிவ், 3,600?
முதல் பதிலைப் படியுங்கள். சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்: மொத்தம் 3,200, நியூட்ரோஃபில் 40% என்றால் 1,280. அந்த எண்தான் முக்கியம்.

லண்டனில் நர்ஸாக இருக்கிறேன். கானாக்காரர் ஒருவருக்கு நியூட்ரோஃபில் 1,200 என்று க்ளோசபின் தொடங்க மறுத்துவிட்டார்கள்.
கேட்கவே வருத்தமாக இருக்கிறது. வேறு மருந்துகள் கைவிட்ட மனச்சிதைவு நோயாளிக்குக் கடைசி நம்பிக்கை அது. அமெரிக்காவில் 2015இலேயே பொதுவாக 1,500, இப்படி இயல்பாகவே குறைவாக இருப்பவர்களுக்கு 1,000 என்று தொடக்க வரம்பைப் பிரித்துவிட்டார்கள். டஃபி டெஸ்ட் செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

கறுப்பினத்தவருக்குத் தனி நார்மல் என்று லேபிலேயே அச்சடித்தால் போதாதா?
போதாது, ஆபத்தும்கூட. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேருக்குத்தான் இந்த டஃபி இல்லாத வகை. மீதிப் பேரில் ஒருவருக்கு 1,200 வந்தால் அது உண்மையான நோயாக இருக்கலாம், நிறத்தைப் பார்த்து விட்டுவிடுவீர்களா? ஏமன், சவுதியிலும் இந்த வகை உண்டு, அவர்களை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

நடைமுறையில் நிறம் பார்ப்பதுதானே சுலபம்?
டஃபி டெஸ்ட் ஒருமுறை செய்தால் முடிவு ஆயுளுக்கும் மாறாது, அதைவிடச் சுலபம் எது? 'இனம் சார்ந்த நியூட்ரோஃபில் குறைவு' என்ற பழைய பெயரை இப்போது கைவிட்டு வருவதும் இதனால்தான்.

பி பாசிடிவ், 3,800...
முதல் பதில்!

ஊர் திண்டுக்கல். மூன்று நாளாகக் காய்ச்சல், வெள்ளை அணு 2,400. டஃபி டெஸ்ட் எங்கே எடுக்கலாம்?
டஃபியை மறந்துவிடுங்கள். நம்மிடம் டஃபி இல்லாத வகை மிக அரிது, அதனால்தான் வைவாக்ஸ் நம்மைச் சுலபமாகப் பிடிக்கிறது. காய்ச்சலோடு அணு குறைந்தால் டெங்கு, டைஃபாய்டு என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இன்றைக்கே டாக்டரிடம் போங்கள், தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் கேளுங்கள்.