ஜோர்தான் அரசு அரபு நாடுகளுக்கான ஏற்றுமதியை எவ்வாறு பெருக்க முயல்கிறது?

வரிச்சலுகை வாங்கித் தருவதற்கு மேல் அரசு என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜோர்தானும் உறுப்பாக உள்ள அகன்ற அரபு சுதந்திர வர்த்தகப் பகுதி உடன்பாடு 1998-இல் தொடங்கி, உறுப்பு நாடுகளிடையே சுங்கவரியைப் படிப்படியாகக் குறைத்து 2005-இல் நீக்கியது. சலுகை பெற, பொருளின் மதிப்பில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பு நாட்டில் கூட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் உண்மையான உழைப்பு எல்லையில்தான் தேவை என்பது என் உறுதியான கருத்து. ஈராக்குக்குச் செல்லும் தக்காளியை எல்லையில் ஒரு லாரியிலிருந்து இறக்கி, பெட்டி பெட்டியாக இன்னொரு லாரியில் ஏற்றினால், கொளுத்தும் வெயிலில் சரக்கு கனிந்து வீணாகிவிடும். ஆகவே, 2017-இல் ஈராக் எல்லையிலுள்ள தரேபில் கடவை மீண்டும் திறந்ததும், 2019-இல் முந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு ஈராக்கிடம் வரிவிலக்கு பெற்றதும், லாரிகள் நேரே உள்ளே செல்ல இசைவு கேட்டுப் பேசியதும், எத்தனையோ வணிகக் கண்காட்சிகளைவிடப் பெரிய உதவிகள்.