செட்டில் 50 வாட்ஸ், ஆனால் சத்தம் கரகரக்கிறது!

கேள்வி: ஜப்பானில் இருந்து வந்த பழைய கார் என்னுடையது. அதன் ரேடியோ செட்டில் 50 வாட்ஸ் என்று எழுதியிருக்கிறது, ஆனால் சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கிறது. எப்.எம்.மில் பல நிலையங்கள் பிடிப்பதும் இல்லை. ஸ்பீக்கரை மாற்றவா? - வாசகர், உப்புவெளி

பதில்: அவசரப்பட்டு ஸ்பீக்கரைக் கழற்றாதீர்கள். அந்த 50 ஒரு கணத்துக்கு எட்டும் உச்சம்தான். செட்டுக்குள் இருக்கும் சின்ன அம்ப்ளிபயர் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுப்பது ஏறக்குறைய 15 முதல் 20 வாட்ஸ், அதைத் தாண்டிக் கேட்டால் ஒலி அலையின் முனைகள் வெட்டுப்பட்டு வருகின்றன, நீங்கள் கேட்கும் கரகரப்பு பெரும்பாலும் அதுதான், அப்படியே விட்டால் கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் எரிந்துபோகலாம்.

தனி அம்ப்ளிபயர் போடுங்கள். வாங்கும்போது பெட்டியில் உள்ள பெரிய எண்ணை விட்டுவிட்டு தொடர்ந்து கொடுக்கும் வாட்ஸைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணைப் பாருங்கள். அப்புறம் ஓம்ஸ், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை அளவு: இரண்டு 4 ஓம்ஸ் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் கொடுத்தால் 2 ஓம்ஸ் ஆகிவிடும், அதைத் தாங்காத அம்ப்ளிபயர் சூடாகிவிடும். அம்ப்ளிபயருக்குப் போகும் வயரில், பற்றரிக்கு மிக அருகிலேயே பியூஸ் கட்டாயம், இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம், அது இல்லாமல் வயர் உரசினால் கார் தீப்பிடிக்கலாம். அம்ப்ளிபயரின் எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். நம் திருகோணமலைக் கடற்காற்றுக்குத் துரு சீக்கிரம் ஏறும்.

எப்.எம். பழுதில்லை. பழைய ஜப்பான் செட் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், நம் நிலையங்கள் 108 வரை போகின்றன. நம் நிலையங்களின் அலைவரிசையைச் செட் பிடிக்கும் அளவுக்கு இறக்கித் தரும் பாண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்று போட்டால் சரி.