உரிமத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: அமெரிக்காவில் மினசோட்டாவில் வசிக்கிறோம். டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள மாமியாரைச் சேர்க்க இல்லம் தேடுகிறோம். 'மெமரி கேர்' (மறதி நோயாளிகளுக்கான பராமரிப்பு) என்று பலகை இருந்தால் போதுமா?

பதில்: பலகையை விடுங்கள், உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். இத்தகைய இல்லங்களுக்கு உரிமம் தருவது மாநில அரசு. மினசோட்டாவில் 2021 ஆகஸ்ட் 1 முதல் இரண்டு வகை உண்டு: சாதாரணம், டிமென்ஷியா பராமரிப்புடன் கூடியது. நோயாளிகள் தாமாக வெளியேறிவிடாதபடி பூட்டிய பிரிவு இருந்தால் இரண்டாவது கட்டாயம். அதில் நேரடியாகக் கவனிக்கும் ஊழியர், சேர்ந்த முதல் 80 வேலை மணி நேரத்துக்குள் டிமென்ஷியா பற்றிய 8 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். பயிற்சிப் பதிவேட்டில் தேதியைப் பாருங்கள். பூட்டிய பிரிவில் 24 மணி நேரமும் விழித்திருக்கும் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும் என்பதும் விதி. பகலில் சுற்றிக் காட்டும்போது எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும்! இரவு 2 மணிக்கு யார் இருப்பார், பக்கத்துப் பிரிவையும் அவரே பார்க்கிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால், அவர் அங்கே போகும் நேரத்தில் இங்கே ஆள் இல்லை.