கார்டில் பார்த்த நிறம் சுவரில் ஏன் மாறித் தெரிகிறது?

பெயின்ட் ஷேட் கார்டில் வெளிர் மஞ்சளாக இருந்தது, ஹால் சுவரில் அடித்ததும் ஆரஞ்சு சாயல் தெரிகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தரை ரெட் ஆக்சைடு, அதாவது சிவப்பு சிமென்ட் தரை என்கிறீர்கள். பெயின்ட் மேல் தப்பில்லை. ஜன்னல் வெயில் சிவப்புத் தரையில் பட்டுத் தெறித்துச் சுவரில் ஏறுகிறது. முழங்கால் உயரத்தில் சாயல் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை. லேசாகப் பச்சை கலந்த வெள்ளை அடித்தால் அந்தச் சாயல் அடங்கும். அடர் பச்சை வேண்டாம். அடர்த்தியான எதிர் நிறங்கள் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும், தரை இன்னும் சிவந்து தெரியும்.

அப்புறம் பல்பு. அதன் வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 2700 கெல்வின் என்றால் எல்லாமே மஞ்சளாகும், 6500 என்றால் நீலம் ஓடும். பெரிய அட்டையில் 2 கோட் அடித்து, தரையை ஒட்டிச் சாய்த்துவைத்து, காலையிலும் ராத்திரி விளக்கிலும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.