பெருக்கவா, வகுக்கவா?

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கூட்டல், பெருக்கல் எல்லாம் தப்பில்லாமல் போடுவான். அதையே வாக்கியமாக எழுதிக் கேட்டால், "பெருக்கவா, வகுக்கவா?" என்று என் முகத்தைப் பார்க்கிறான். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
ஒரு தாய், மோல்மேன், மியான்மர்

பதில்: அவன் அப்படிக் கேட்டால் பதில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அந்தக் கணக்கு முடிந்துவிடும், அடுத்ததற்கும் உங்களிடம்தான் வந்து நிற்பான். "எதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்? விடை கியாட்டா, டிக்கலா? அதாவது பணமா, எடையா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் ஊர்க் கடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். விலைகள் பயிற்சிக்காக நான் போட்டவை. உளுந்து ஒரு வீசை 6,000 கியாட். 35 டிக்கல் என்ன விலை? கேட்பது விலை, ஆகவே விடை கியாட்டில் வர வேண்டும். ஒரு வீசைக்கு 100 டிக்கல் என்பதால் ஒரு டிக்கல் 60 கியாட். 35 டிக்கலுக்கு 60 × 35 = 2,100.

இப்போது அதே உளுந்தைத் திருப்பிக் கேளுங்கள்: கையில் 4,500 கியாட் இருக்கிறது, எவ்வளவு வாங்கலாம்? இங்கே விடை டிக்கல். 4,500-இல் எத்தனை 60 இருக்கிறது? 75. சரிதானா என்று அவனே பார்க்கட்டும்: 75 டிக்கல் முக்கால் வீசை, 6,000-இல் முக்கால் பங்கு 4,500. இரண்டு கணக்கிலும் அந்த 60 மாறவில்லை, கேள்விதான் மாறியது. பெருக்கலா வகுத்தலா என்பதை அந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது. இந்த ஜோடிக் கணக்கை அரிசி, வெங்காயம், மிளகாய் என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், 'அதிகம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி என்று யாராவது குறுக்குவழி சொல்லியிருந்தால் அதை மறக்கச் செய்யுங்கள். "அண்ணனிடம் 12 பழம், அது தம்பியிடம் உள்ளதைவிட 5 அதிகம். தம்பியிடம் எத்தனை?" 'அதிகம்' இருக்கிறதே என்று கூட்டினால் 17. அண்ணனைவிடத் தம்பியிடம் கூடுதலாகிவிடும்! சரியான விடை 7.

கடைசியாக, அளவு மாறும் கணக்கு. சந்தையில் வெங்காயம் வீசை 3,300 கியாட், சூப்பர் மார்க்கெட்டில் கிலோ 2,200. எது மலிவு? எண்ணை மட்டும் பார்க்கிற பிள்ளை 2,200 என்பான். ஒரு வீசை சுமார் 1.633 கிலோ. ஒன்றரை கிலோ என்று வைத்தாலே சூப்பர் மார்க்கெட் விலை 3,300 ஆகிவிடுகிறது, வீசையோ அதைவிடப் பெரியது. ஆகவே சந்தைதான் மலிவு. துல்லியமாகப் பெருக்கினால் 3,593 அளவில் வரும், வித்தியாசம் 300 கியாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. துல்லியத்துக்கு முன்னால் இப்படித் தோராயமாகப் பார்க்கும் பழக்கத்தை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். விடை எங்கே வர வேண்டும் என்று முன்பே தெரிந்த பிள்ளை, ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் உடனே கண்டுபிடித்துவிடும்.

நாளைக்கு இரண்டே கணக்கு போதும். எழுதத் தொடங்குமுன் கேள்வியைத் தன் சொந்தச் சொல்லில் உங்களிடம் சொல்லட்டும். அது வரவில்லை என்றால் பென்சிலை எடுக்க விடாமல் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.