குடிக்கும்போதே தூங்கிவிடுகிறான்... பால் போதுமா?

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். பிரஷர் ஏறிவிட்டதால் 36 வாரத்திலேயே சிசேரியன் செய்தார்கள். ஆண் குழந்தை, 2 கிலோ 400 கிராம். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை என்று இரண்டு நாள் நீல விளக்கில் வைத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வரும்போது எடை 2 கிலோ 180. இன்று ஒன்பதாம் நாள், 2 கிலோ 220. மார்பில் போட்டால் ஐந்து நிமிடம் சப்புகிறான், அப்படியே தூங்கிவிடுகிறான். பம்ப் வைத்துப் பார்த்தேன், 20 மில்லிகூட வரவில்லை. "உனக்குப் பால் பத்தல" என்று அத்தை பவுடர் டின் வாங்கி வைத்துவிட்டார். என் அம்மாவோ காலை வெயிலில் காட்டு, நடுவில் சர்க்கரைத் தண்ணீர் கொடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? எனக்கு அழுகைதான் வருகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: ஒன்பது நாள் குழந்தை பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால்தான் உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் பேசி, மாலையே குழந்தையைக் காட்டச் சொன்னோம். எடையும் மஞ்சள் அளவும் பார்த்தாயிற்று, பயப்படும்படி இல்லை என்று தெரிந்த பிறகு நிதானமாக இதை எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற அம்மாக்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே.

உங்களுக்குப் பால் இல்லை என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். குழந்தைக்கு இழுத்துக் குடிக்கத் தெம்பு போதவில்லை. 36 வாரத்துக் குழந்தை பார்க்க முழு மாதக் குழந்தை மாதிரியே இருக்கும்; அங்கேதான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது, இந்த மூன்றையும் சேர்த்துச் செய்யும் பக்குவம் 34 வாரம் வாக்கில்தான் வரத் தொடங்கும். உங்கள் மகனுக்கு அது வந்துவிட்டது, ஆனால் நீடித்துச் செய்ய முடியவில்லை. கன்னத்துக் கொழுப்பும் குறைவு என்பதால் வாய்க்குள் பிடிமானம் பலமாக இருக்காது. ஐந்து நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிடுகிறான். அதைப் பார்ப்பவர்கள் வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

எடைக் கணக்கைப் பார்ப்போம். பிறந்த சில நாட்களில் எல்லாக் குழந்தையும் எடை குறையும். உங்கள் குழந்தை 220 கிராம் இறங்கியிருக்கிறான். பிறந்த எடையில் 9 சதவீதத்துக்குச் சற்று மேல். 7 சதவீதத்தைத் தாண்டினாலே பால் குடிப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும், 10 சதவீதம் ஆனால் மருத்துவர் உடனே பார்த்தாக வேண்டும். வீட்டுக்கு வந்த மூன்று நாளில் 40 கிராம் ஏறியிருக்கிறது. இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். ஏறுமுகம் நல்லது, வேகம்தான் போதவில்லை. அதாவது உங்கள் அத்தையின் கவலையில் நியாயம் இருக்கிறது. அவர் சொன்ன காரணம்தான் சரியில்லை.

மஞ்சள் காமாலையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. மஞ்சள் ஏறினால் குழந்தை மந்தமாகித் தூங்கும். தூங்கினால் குடிக்காது. குடிக்காவிட்டால் மலம் கழிவது குறையும். மஞ்சள் வெளியேறும் முக்கிய வழியே மலம்தான். அது குடலில் தங்கினால் மஞ்சள் திரும்ப ரத்தத்தில் ஏறும். இந்தச் சுற்றை உடைக்கப் பால் உள்ளே போயாக வேண்டும். வெயிலை நம்பி இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி விளக்கு குறிப்பிட்ட நீல ஒளியை, குறிப்பிட்ட அளவில், மணிக்கணக்கில் கொடுக்கிறது. வாசலில் பத்து நிமிடம் துணி விலக்கிக் காட்டும் வெயில் அதற்கு ஈடாகாது. குறைமாதக் குழந்தைக்கு உடம்பு குளிர்ந்துபோகும், இல்லையென்றால் தோல் சுடும். விளக்கிலிருந்து எடுத்த பிறகு மஞ்சள் சில சமயம் மறுபடி ஏறும். இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், பிஞ்சுக் காலில் எத்தனை முறைதான் குத்துவது என்று தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சின்ன வயிறு, தண்ணீரில் நிறைந்துவிட்டால் பாலுக்கு இடமிருக்காது, எடையும் ஏறாது. தேன், கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை நாக்கில்கூடத் தொட்டு வைக்கக் கூடாது. உரம் எடுக்கிறேன், தொக்கம் எடுக்கிறேன் என்று வருபவர்களிடமும் இந்தக் குழந்தையைக் கொடுக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? அழுதால் கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்தக் குழந்தைக்குப் பசித்து அழக்கூடத் தெம்பில்லை. இரண்டு, இரண்டரை மணிக்கு ஒருமுறை, இரவில் மூன்று மணியைத் தாண்டவிடாமல், நீங்களாக எழுப்பிக் கொடுக்க வேண்டும். நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை. எழுப்பும் விதம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் தொப்பி, சாக்ஸ், இரண்டு சுற்று வேட்டித்துணி என்று பொட்டலம் கட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கதகதப்பில் யாருக்குமே தூக்கம்தான் வரும். சுற்றியதை அவிழ்த்து, டயப்பரோடு மட்டும் உங்கள் வெற்று மார்பின் மேல் போட்டு, அவன் முதுகுக்கு மேல் ஒரு துணியைப் போர்த்துங்கள். குளிராது, விழிப்பும் வரும். கங்காரு பராமரிப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னது இதுதான். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க ஆரம்பித்த முறை, இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். உங்களுக்கு அசதியாக இருந்தால் உங்கள் கணவரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம்.

சிசேரியன் தையல் இருப்பதால் மடியில் கிடத்தாமல், பக்கவாட்டில் தலையணை வைத்து, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி அக்குளில் அணைத்துப் பிடியுங்கள். கழுத்துக்குப் பின்னால் உங்கள் உள்ளங்கை தாங்கட்டும். வாயை நன்றாகத் திறந்த பிறகே மார்பைக் கொடுக்க வேண்டும். காம்பு மட்டுமின்றிக் கருவட்டத்தின் கீழ்ப்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் படிந்து, கீழுதடு வெளியே மடங்கியிருந்தால் பிடித்தது சரி. அப்புறம் தாடையைப் பாருங்கள். கீழே இறங்கி, ஒரு நொடி நின்று, மெல்ல ஒரு விழுங்கும் சத்தம் வந்தால் பால் உள்ளே போகிறது. படபடவென்று சின்னதாகச் சப்பினால் போகவில்லை. அந்த நேரத்தில் மார்பைக் கையால் அழுத்திப் பிடியுங்கள். பால் வாய்க்கு வந்ததும் மறுபடி விழுங்குவான். அழுத்தியும் பலனில்லை என்றால் கையை விட்டுவிட்டு அடுத்த பக்கம் மாற்றுங்கள். முழுதாக அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அவன் குடித்துச் சேர்த்த சக்தி குடிக்கிற உழைப்பிலேயே செலவாகிவிடும்.

இதோடு முடியவில்லை. ஒவ்வொரு முறையும் மார்பில் கொடுத்த பிறகு, எடுத்து வைத்த உங்கள் பாலைப் பாலாடையில் (குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுங்கள். இந்த எடைக்கு இரண்டாவது வாரத்தில் ஒரு நாளைக்கு மொத்தம் 350 மில்லி அளவுக்குப் பால் போக வேண்டும். பத்து முறை என்றால் ஒரு முறைக்கு 35 மில்லி. மார்பில் எவ்வளவு குடிக்கிறான் என்று எடையை வைத்துத்தான் ஊகிக்க முடியும் என்பதால், மேலே எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். பாலாடையை அலமாரியில் தூங்கவிட்டு பாட்டிலை வாங்கி வந்துவிடாதீர்கள். ஆனால் பாட்டிமார்கள் சங்கில் புகட்டுவதுபோல மல்லாக்கப் படுக்கவைத்துத் தொண்டையில் சாய்க்கக் கூடாது, புரை ஏறிவிடும். முக்கால்வாசி நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை அவன் வாயின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டில் படும்படி மட்டும் சாய்த்தால் போதும். அவன் உறிஞ்சி விழுங்கிய பிறகே அடுத்த துளி. ஒவ்வொரு முறையும் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

பம்பில் 20 மில்லிகூட வராததை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். உங்கள் மார்புக்குப் பம்ப் இன்னும் பழக்கமில்லை, அழுத மனதோடு உட்கார்ந்தால் பால் இறங்கவும் செய்யாது. சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் நன்றாகச் சுரக்கவே நான்கைந்து நாள் ஆகலாம். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் கூடும். குழந்தை சரியாக இழுக்காததால் அந்த வேலையை இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டும், நாளுக்கு எட்டு முறையாவது, அதில் ஒன்று நடு இரவில். கையாலேயே எடுக்கலாம்: கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கருவட்டத்தின் விளிம்பில், முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்துப் பிதுக்க வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. நம் ஊர் வெக்கையில் எடுத்த பாலை நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜின் உட்பக்கம் என்றால் ஒரு நாள்வரை. குளிர்ந்ததைச் சூடான தண்ணீர் உள்ள பாத்திரத்தில் நிற்க வைத்துக் கதகதப்பாக்கினால் போதும், அடுப்பில் வைக்க வேண்டாம்.

பூண்டும் சுறாப்புட்டும் சமைத்துக் கொடுத்தால் ஆசையாகச் சாப்பிடுங்கள், ருசியாகத்தானே இருக்கும். ஆனால் பால் ஊறுவது அவற்றால் அல்ல. பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்தால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அத்தை வாங்கிய டின்னைப் பற்றி. அதைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் 1992-லேயே பால்பவுடர் விளம்பரத்துக்குத் தடை போட்டு சட்டம் வந்தது நல்ல காரணத்துக்காகத்தான். ஆனாலும் எடுத்த பால் போதாத ஓரிரு நாட்களில் மருத்துவரே பவுடர் எழுதிக் கொடுத்தால், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தையைப் பட்டினி போட்டுத் தாய்ப்பாலைக் காப்பாற்ற முடியாது. அப்போதும் பாலாடையில்தான், மருத்துவர் சொன்ன அளவுதான், டின்னில் போட்டிருக்கும் கரண்டிக் கணக்குதான். நீர்க்கக் கரைக்கக் கூடாது. அந்த நேரத்திலும் மார்பைக் காலி செய்வதை நிறுத்தாதீர்கள்.

போதுமான அளவு போகிறதா என்பதை டயப்பரும் மலமும் சொல்லும். நாளுக்கு ஆறு முறையாவது வெளிர்நிறத்தில் சிறுநீர் போக வேண்டும். கறுப்பான காட்டுப்பீ முடிந்து இந்நேரம் மலம் மஞ்சளாகியிருக்க வேண்டும். சுண்ணாம்புபோல வெளுத்த மலம், துணியில் கறை பிடிக்கும் அடர்ந்த சிறுநீர் என்றால் ஈரலைப் பார்க்க வேண்டும், உடனே காட்டுங்கள். எடையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரே மெஷினில் பார்த்தால் போதும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போதும் கேட்கலாம். தினமும் நிறுத்திப் பார்த்தால் உங்களுக்குத்தான் தூக்கம் போகும். பெரும்பாலான குழந்தைகள் பிறந்திருக்க வேண்டிய தேதி நெருங்கும்போது தாமாகவே நன்றாகக் குடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதுவரை இந்த மூன்று வேலையும் உங்கள் ஒருத்தியால் ஆகாது. மார்பில் கொடுப்பது நீங்கள், பாலாடையில் கொடுப்பது அத்தை, கொதிக்க வைப்பது கணவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். "பால் பத்தல" என்று சொன்ன அத்தையின் கையிலேயே பாலாடையைக் கொடுத்துப் பாருங்கள், பேச்சு மாறும்.

எழுப்பியும் இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காமல் இருந்தால், 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால், போர்த்தியும் உடம்பு சில்லென்று இருந்தால், அழாமல் அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு ஓடினால், நெஞ்சு உள்ளிழுத்தால், வலிப்பு வந்தால், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்காலுக்கு வந்தால், வாந்தி பச்சையாக வந்தால், யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. அதைத் தாண்டியும் தொடர்ந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, உங்கள் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். இன்னொன்று, இத்தனை பக்கக் கடிதத்தில் உங்கள் பிரஷர் இப்போது எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. குழந்தையை ஆள் மாற்றி ஆள் எடை பார்க்கிறார்கள், தாயின் பிரஷரை யாரும் பார்ப்பதில்லை. பிரசவம் ஆன ஆறு வாரம்வரைகூட அது ஏறலாம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் அன்றே போய்க் காட்டுங்கள். எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரையை, பாலில் கலந்துவிடுமோ என்று பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம். பால் கொடுக்கிறேன் என்று சொல்லி வாங்கிய மாத்திரை என்றால் தைரியமாகப் போடலாம்.