வர்ஜீனியாவில் நிறம் சட்டமான விதம்: கேள்வி பதில்

கேள்வி: இனவெறி மனிதன் தோன்றிய நாளிலிருந்தே உண்டுதானே ஐயா?

பதில்: அயலாரை வெறுப்பது பழையது. நிறத்தைப் பிறவித் தகுதியாக்கிச் சட்டத்தில் ஏற்றியது புதியது. 1640இல், அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவிலிருந்து, எஜமானிடம் குறித்த காலம் கட்டுண்டு உழைக்கும் மூன்று ஊழியர்கள் பக்கத்துக் குடியேற்றமான மேரிலாந்துக்குத் தப்பியோடிப் பிடிபட்டார்கள். மூவருக்கும் சவுக்கடி. டச்சுக்காரருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் ஊழியக் காலம் நான்காண்டு கூடியது. மூன்றாமவர் ஜான் பஞ்ச், கறுப்பர். அவருக்கு ஆயுள் முழுவதும் ஊழியம். குற்றமோ ஒன்றுதான்! 1662இல் வர்ஜீனியா சட்டம், பிள்ளை அடிமையா இல்லையா என்பது தாயைப் பொறுத்தது என்றது. ஆங்கிலேயர் வழக்கமோ தந்தைவழி. அதை மாற்றியதால், எஜமான் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அவனுக்கே சொத்தானது. 1667இல் ஞானஸ்நானமும் விடுதலை தராது என்று எழுதினார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் படியுங்கள்.

கேள்வி: வெள்ளையரைக் குறிக்கும் ‘காக்கேசியர்’ என்ற பிரிவு அறிவியல்பூர்வமானதா?

பதில்: இல்லை. காக்கசஸ் மலைப் பகுதியிலுள்ள ஜார்ஜியா நாட்டுப் பெண்ணொருத்தியின் மண்டையோட்டின் அழகை மெச்சி, 1795இல் ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் புளூமென்பாக் பரப்பிய பெயர் அது.

கேள்வி: வர்ஜீனியா ஆளுநரை எதிர்த்து பேக்கன் என்பவர் நடத்திய 1676 கிளர்ச்சியில் வெள்ளை ஊழியரும் கறுப்பரும் சேர்ந்ததைக் கண்டு பயந்துதான் பண்ணையார்கள் இனப் பிரிவினையை உருவாக்கினார்கள் என்று படித்தேன்.

பதில்: 1662 சட்டம் முந்தியதா, 1676 கிளர்ச்சி முந்தியதா? பிறக்காத கிளர்ச்சிக்கு யாரும் பயப்பட முடியாது. அந்தக் கிளர்ச்சியே பூர்வகுடிகளைத் தாக்குவதில் தொடங்கியது. அதை ஏழைகளின் ஒற்றுமைப் போராக மட்டும் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி (அவரே): அப்படியானால் கிளர்ச்சிக்குப் பின் வந்த வர்ஜீனியாவின் 1705 அடிமைச் சட்டத் தொகுப்பு?

பதில்: அங்கே உங்கள் வாதத்துக்கு வலு இருக்கிறது. நீதிபதியின் ஆணையின்றி, கிறிஸ்தவ வெள்ளை ஊழியரை ஆடை களைந்து சவுக்கால் அடிக்கக் கூடாது என்றது அது. தண்டிக்கும்போது அடிமை இறந்தால் எஜமான் மீது குற்றமில்லை என்றும் அதே தொகுப்பு சொன்னது.  ஏழை வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேலான இடம் கிடைத்தது. கிளர்ச்சி இதை விரைவுபடுத்தியது என்றால் ஒப்புக்கொள்கிறேன். தொடங்கிவைத்தது என்றால் மறுக்கிறேன்.

கேள்வி: ஆனால் தோல் நிறம் வேறுபடுகிறதே, இனம் உண்மைதானே?

பதில்: தோலா? நிறம் வேறுபடும். ஆயுள் ஊழியத்தை விதித்தது தோலா, நீதிமன்றமா? முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நம் சாதியும் இதுவும் ஒன்றா?

பதில்: என் துறை அன்று. சாதி வரலாறு கற்றவரிடம் கேளுங்கள். அங்கும் ஆண்டுகளை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வர்ஜீனியாவில் நிறம் கடந்த கலப்புத் திருமணத்துக்கான தடை எப்போது நீங்கியது?

பதில்: 1691இல் வந்த தடை 1967இல் நீங்கியது. வாஷிங்டனில் மணந்து வர்ஜீனியா திரும்பிய லவ்விங் தம்பதியைப் படுக்கையறையில் புகுந்து கைது செய்தார்கள். 25 ஆண்டுகளுக்கு இருவரும் ஒன்றாக மாநிலத்துக்குள் வராமல் இருந்தால் சிறையில்லை என்றார் நீதிபதி. அவர்கள் வழக்கில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.